ஏரிக்காரன் கடலுக்குப் போன கதை

நேயர்களுக்கு வணக்கம். கொடைக்கானல் ஏரியில் 31 வருஷம் துடுப்புப் போட்டவன் நான். வானொலி நிலையத்தில் பேசக் கூப்பிட்டதும், ஏரியைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை ஓடைக்குக் கரை போட்டு ஏரியாக்கினார், முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது என்றெல்லாம் பயணிகளிடம் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். ஆனால் இவர்கள், "உங்களுக்குப் பிடித்ததைப் பேசுங்க, பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஏரியை விட்டுவிட்டேன். நாங்கள் ஸ்பீட் போட்டில் தீவு பார்க்கப் போன ஒரு நாளைப் பற்றிப் பேசப் போகிறேன்.

நாங்கள் என்றால் பதினெட்டுப் பேர். படகுக்காரர்கள் ஆறு பேர், சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர், குதிரைக்காரர் ஒருவர், ஏரிக்கரையில் சோளக்கருது சுட்டு விற்கிற அக்கா, சாக்லேட் கடைக்காரர், அப்புறம் சிலருடைய குடும்பம். எல்லாரும் டூரிஸ்ட்டை நம்பிப் பிழைக்கிறவர்கள். ஒருத்தர்கூட டூரிஸ்ட்டாக எங்கேயும் போனதில்லை. பழனிக்கும் திருச்செந்தூருக்கும் போனதெல்லாம் அந்தக் கணக்கில் வராது, அது சாமி கும்பிடப் போனது. இரண்டு வருஷம் சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்து, பிப்ரவரியில் தாய்லாந்து புக்கெட்டுக்குக் கிளம்பினோம். ஏன் பிப்ரவரி? இங்கே உறைபனி முடிந்திருக்கும், சீசன் தொடங்கியிருக்காது. அங்கேயும் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் கடல் அடங்கி இருக்கும். மே மாதம் ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கரையை நேராக அடிக்கும்.

போன தீவின் பெயரை வானொலியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அவர்கள் சொல்கிற மாதிரியே சொன்னால் உங்கள் வீட்டில் பிள்ளைகள் சிரித்து உருளுவார்கள். எழுதும்போது ஃபி ஃபி என்று போடுகிறார்கள், நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன். அதில் முக்கியமானது இரண்டு தீவு. பெரியதில் ஆள் இருக்கிறது, கடை இருக்கிறது. சின்னதில் குடியே கிடையாது. புக்கெட்டிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். வத்தலக்குண்டிலிருந்து நம்ம ஊர் வருவதைவிடக் கொஞ்சம் குறைச்சல்தான். பஸ் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கிறது. ஸ்பீட் போட் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

படகுத்துறையில் முதலில் எல்லாருடைய செருப்பையும் ஒரு கூடையில் போடச் சொன்னார்கள். குறிஞ்சியாண்டவர் கோயில் வாசல் மாதிரி இருந்தது. இனி சாயங்காலம் வரை வெறுங்கால்தான். படகின் பின்னால் மூன்று எஞ்சின் தொங்கியது. ஒவ்வொன்றும் 200 குதிரைத்திறனுக்கு மேல் என்றார் வழிகாட்டி. எங்கள் குதிரைக்காரர் விரலை மடக்கி, "600 குதிரை. தீனிக்கு எங்கே போவான்?" என்றார். ஒற்றைக் குதிரைக்கே கொள்ளு வாங்கி மாளாதவர் அவர்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். எங்கே உட்காருவது? சிரிக்காதீர்கள். மலைப் பாதையில் பஸ் ஏறுகிறவர்களுக்கு இது தெரியும். முன் சீட்டுக்குத்தான் அடிதடி. கடைசி சீட்டு பின் சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிறது, ஒரு பள்ளம் வந்தால் தலை கூரையில் முட்டும். வழியில் ஊத்து என்கிற ஊரைத் தாண்டுவதற்குள் ஜன்னல் ஓரத்து ஆள் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருப்பார். அந்தப் பழக்கத்தில் எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? படகைக் கண்டதும் ஓடிப்போய் முன்பக்கம் இடம் பிடித்தார்கள். மெத்தை போட்டிருந்தது, காற்று வந்தது. சாக்லேட் கடைக்காரர் ஒரு துண்டை விரித்து மூன்று பேருக்கு இடம் வேறு போட்டு வைத்தார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. துடுப்புப் படகிலேயே, ஒருத்தர் முன்முனையில் போய் எழுந்து நின்றால் படகு எப்படி ஆடும் என்று பார்த்தவன் நான். வழிகாட்டியும் கையைக் காட்டி, பின்னால் வாங்க, பின்னால் வாங்க என்றார். யார் கேட்டார்கள்? "நாங்க மலைக்காரங்க, எங்களுக்கு வளைவே ஒண்ணும் பண்ணாது, அலையா பண்ணும்?" என்றார் கடைக்காரர்.

நீங்கள் சின்ன வயதில் தட்டைக் கல்லைக் குளத்தில் வீசி, தண்ணீர் மேல் தத்தித் தத்திப் போக விட்டிருப்பீர்கள் இல்லையா? ஸ்பீட் போட் அந்தக் கல்தான். எஞ்சின் தள்ளுகிற தள்ளலில் படகின் மூக்கு தூக்கிக்கொள்ளும். பின்பாதி தண்ணீரில் உட்கார்ந்திருக்கும், முன்பாதி அந்தரத்தில். அடுத்த அலை வந்ததும் அந்த மூக்கு மேலே போய், அப்படியே தொப்பென்று விழும். தண்ணீர்தானே, மெத்தென்று இருக்கும் என்று நினைக்காதீர்கள். அந்த வேகத்தில் அது சிமென்ட் தரை. கர்ப்பிணிகளையும் முதுகு வலிக்காரர்களையும் ஏற்றமாட்டோம் என்று அவர்கள் சொல்வது இதனால்தான். பின்னால் இருப்பவனுக்கு எஞ்சின் இரைச்சலும் பெட்ரோல் வாடையும் உண்டு, ஆனால் இடுப்பு தப்பிக்கும். ஆக, பஸ்ஸில் எது கடைசி சீட்டோ, ஸ்பீட் போட்டில் அது முதல் சீட்டு. மறுபடியும் சொல்கிறேன், அடுப்படியில் இருப்பவர்களுக்குக் காதில் விழாமல் போயிருக்கும்: ஸ்பீட் போட்டில் பின்னால் உட்காருங்கள்.

பத்தாவது நிமிஷம் கடைக்காரர் பேச்சை நிறுத்தினார். பதினைந்தாவது நிமிஷம் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். அப்புறம் நான்கு பேர் தவழ்ந்து, உண்மையாகவே குழந்தை மாதிரி தவழ்ந்து, பின்பக்கம் வந்து சேர்ந்தார்கள். படகுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பது தப்பு. உள்காது ஆடுகிறது என்கிறது, கண் ஆடவில்லை என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். தூரத்தில் கடலும் வானமும் சேர்கிற கோட்டையே பார்க்கச் சொன்னேன். பஸ் டிரைவர் வாந்தி எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அவர் எப்போதும் ரோட்டையே பார்க்கிறார்.

என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். லைஃப் ஜாக்கெட் போடுங்க சார், பக்கிளை மாட்டுங்க மேடம் என்று 31 வருஷம் சண்டை போட்டவன், அங்கே வெயில் ஏறினதும் மெல்லப் பக்கிளைக் கழற்றிவிட்டேன். வழிகாட்டிப் பையன், என் மகன் வயதுதான் இருக்கும், வந்து ஒன்றும் பேசாமல் மாட்டிவிட்டுப் போனான். அக்கா பார்த்துவிட்டது. ஊர் திரும்பும் வரை என்னை "சார்" என்றுதான் கூப்பிட்டது.

சின்னத் தீவில் பிலே என்று ஒரு உப்பங்கழி. நம்ம தூண் பாறை தெரியும்தானே, 400 அடி. அதைப் பெயர்த்து வந்து வட்டமாகக் கடலில் நட்டு, நடுவில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. ஆனால் அது நம்ம பாறை மாதிரி இல்லை, சுண்ணாம்புக் கல். தண்ணீர் கரைத்துக் கரைத்து உண்டாக்கிய குடைவுகள். ஒரு குகையில் மூங்கில் சாரம் கட்டியிருந்தார்கள். உழவாரக் குருவி எச்சிலால் கட்டுகிற கூட்டை ஆள் ஏறி எடுப்பதற்காம். சூப் வைப்பார்களாம். சரி, அவரவர் நாக்கு.

அடுத்தது மாயா வளைகுடா. 2000-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தால் உலகமே அங்கே ஓடியது. நம்ம ஊர்க் குகை ஒன்றுக்கும் சினிமாவால் பேரே மாறியது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு நாளைக்கு 5,000 பேர் வரை இறங்கி, படகு நங்கூரம் விழுந்து, பவளம் செத்துப்போய்விட்டது. 2018 ஜூனில், நம்ம மலையில் குறிஞ்சி பூத்த அதே வருஷம், இழுத்து மூடிவிட்டார்கள். திறந்தது 2022 ஜனவரியில். இப்போதும் படகு முன்பக்கமாக உள்ளே போக முடியாது. தீவின் முதுகுப்பக்கம் மிதக்கும் மேடையில் இறக்கிவிடுகிறார்கள், மரப்பாலத்தில் நடந்து போக வேண்டும். நீந்தக் கூடாது. வருஷா வருஷம் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடிவிடுகிறார்கள்.

முழங்கால் தண்ணீரில் நின்றோம். முதுகுத் துடுப்பின் நுனி கறுத்த குட்டிச் சுறா ஒன்று, கை நீளம்தான் இருக்கும், ஓரமாகப் போனது. மூடி வைத்திருந்தபோது திரும்பி வந்ததாம். யாரும் கத்தவில்லை. வெளியே வரும்போது சைக்கிள்காரர் கேட்டார், "மூணரை வருஷம் மூடினானே, அந்தப் படகுக்காரன் எதைச் சாப்பிட்டான்?" 2024 மே மாதம் மலைக்கு வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோது நம்ம ஊரில் நாங்கள் போட்ட கூச்சல் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். நானும் கூச்சல் போட்டவன்தான். வழிகாட்டியிடம் கேட்டோம். வேறு தீவுக்கு ஓட்டினோம், கஷ்டம்தான் என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. எனக்கு இ-பாஸ் மேல் இருந்த கோபம் அன்று பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது, மறைப்பானேன்.

சாப்பாடு பெரிய தீவில். இரண்டு மலை, நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கிய மணல்திட்டு, இரண்டு பக்கமும் கடல். 2004 டிசம்பர் 26-ல் இரண்டு பக்கத்திலிருந்தும் தண்ணீர் வந்த இடம் அது. அக்காவுக்குத் தாய்வீடு நாகப்பட்டினம். தட்டை வாங்கி வைத்துவிட்டு வெகுநேரம் கடலைப் பார்த்தபடி நின்றது. நாங்கள் யாரும் கூப்பிடவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வானொலி நிலையத்துக்காரர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிஷமாம். குரங்குக் கரை என்று ஒன்று பார்த்தோம், நம்ம ஊர் கோக்கர்ஸ் வாக் நடைபாதைப் பக்கம் தினமும் பார்க்கிறவர்களுக்கு அதில் புதுசு ஒன்றும் இல்லை. மூச்சுக்குழாய் மாட்டி மீன் பார்த்ததைத்தான் விரிவாகச் சொல்ல இருந்தேன், போகட்டும். குழுவாகப் போக நினைப்பவர்களுக்கு அவசரமாகச் சில விஷயம். வனப் பூங்காக் கட்டணம் தனி, ஆளுக்கு 400 பாட் வாங்குவார்கள், பேரம் பேசும்போதே அது சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனுக்குத் தண்ணீர் புகாத உறை வேண்டும். காலையில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். குமட்டல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, படகு ஏறுவதற்கு அரை மணி முன்பே போட வேண்டும், வாந்தி வந்தபிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். அப்புறம் அந்த சீட்டு விஷயம்... சரி, சிவப்பு விளக்கு எரிகிறது. வணக்கம்.