கல்யாணத்துக்கு ஒரு சான்றிதழ்

நண்பர்களே, வணக்கம். படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. இந்த நேரத்தில் மைக்கைப் பிடித்துப் பேசுவது கொஞ்சம் அராஜகம்தான். ஆனாலும் பேசச் சொல்லிவிட்டார்கள்.

ஷோஹெய் இமாமுரா 1989இல் எடுத்த ‘கறுப்பு மழை’யைப் பார்த்தோம். மசுஜி இபுசே எழுதிய நாவல்தான் மூலம். அந்த நாவலுக்கும் அடியில், ஹிரோஷிமாவில் தப்பிப் பிழைத்த ஒருவர் எழுதிவைத்த உண்மையான நாட்குறிப்பு இருக்கிறது. அணுகுண்டுப் படம் என்று சொல்லித்தான் உங்களை அழைத்தோம். ஆனால் குண்டு விழுவது முதல் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அப்புறம் நாம் பார்த்தது என்ன? தாய் இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும் ஒரு மாமாவின் கதை. எனக்கு இது முதலில் கல்யாணப் படம், பிறகுதான் குண்டுப் படம்.

1950ஆம் வருடம். ஹிரோஷிமாவிலிருந்து தள்ளி, மலையடிவாரத்தில் ஒரு கிராமம். யாசுகோவுக்கு வரன் வருகிறது, பேச்சு நடக்கிறது, திடீரென்று நின்றுபோகிறது. காரணத்தை யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. அந்தப் பெண் குண்டு விழுந்த அன்றைக்கு ஹிரோஷிமாவுக்குள் இருந்தாளாமே என்று எவரோ எங்கோ சொல்லிவிடுகிறார்கள், அவ்வளவுதான். மாமா ஷிகெமாட்சு என்ன செய்கிறார்? டாக்டரிடம் கூட்டிப்போய், பெண் ஆரோக்கியமாக இருக்கிறாள் என்று சான்றிதழ் வாங்குகிறார். இங்கேதான் மனுஷன் மாட்டிக்கொள்கிறார். நன்றாக இருக்கிற பெண்ணுக்கு எதற்குச் சான்றிதழ்? கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால் கேள்வி தானாக வந்துவிடும் அல்லவா?

அப்புறம் அவளுடைய நாட்குறிப்பை எடுத்துப் படி எழுத உட்காருகிறார். 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15க்கு அவள் நகரத்தில் இல்லை என்று காட்டவேண்டும். அது உண்மையும்கூட. அந்த நேரத்தில் அவள் நகரத்துக்கு வெளியேதான் இருந்தாள். ஆனால் மாமாவையும் மாமியையும் தேடிப் படகில் திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. எரிகிற ஊரின் கரியும் புழுதியும் மேலே போய், கதிர்வீச்சையும் சேர்த்துக்கொண்டு இறங்கிய மழை. அவள் கன்னத்தில் கறுப்புச் சொட்டு விழுகிறதே, அந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு அது என்னவென்று தெரியாது. அந்தப் படகில் யாருக்குமே தெரியாது. பிறகு மூன்று பேருமாக, எரிந்துகொண்டிருந்த நகரத்தின் நடுவே நடந்தே வெளியேறினார்கள்.

நாவலில், படி எழுதும்போது மாமிக்கு ஒரு கவலை: அந்த மழைப் பக்கத்தை விட்டுவிட்டால் என்ன? பொய் எழுதச் சொல்லவில்லை, ஒரு பக்கத்தை விட்டுவிடத்தான் சொல்கிறாள். பெண்ணைப் பெற்ற வீட்டில், வளர்த்த வீட்டில், இந்தக் குரல் யாருக்குத்தான் புரியாது?

இந்த இடத்தில் படத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே போகிறேன். ஜப்பான் அரசு 1976இல் ஹிரோஷிமா வரைபடத்தில் முட்டை வடிவத்தில் ஒரு கோடு போட்டது. கோட்டுக்குள்ளே பலத்த கறுப்பு மழை பெய்தது, அங்கே இருந்தவர்களுக்கு மருத்துவ உதவி உண்டு. கோட்டுக்கு வெளியே இருந்தவர்களுக்கு இல்லை. மழை கோடு பார்த்தா பெய்யும்? வெளியே நனைந்தவர்கள் 2015இல் வழக்குப் போட்டார்கள். 2021 ஜூலையில் ஹிரோஷிமா உயர்நீதிமன்றம் 84 பேரையும் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்றுக்கொள்ளச் சொன்னது. அரசு மேல்முறையீடு செய்யவில்லை. குண்டு விழுந்து கிட்டத்தட்ட 76 வருடம் ஆகியிருந்தது. நனைந்தபோது குழந்தைகளாக இருந்தவர்கள் கிழவர்களாகிவிட்டார்கள், சிலர் தீர்ப்பைப் பார்க்காமலே போய்விட்டார்கள். யாசுகோவின் வீட்டில் நனையவில்லை என்று நிரூபிக்க ஒரு நாட்குறிப்பைப் படி எடுக்கிறார்கள். இவர்களோ நனைந்தோம் என்று நிரூபிக்க ஆயுளையே செலவழித்தார்கள். இரண்டும் ஒரே மழைதான்.

சரி, கிராமத்துக்கு வருவோம். ஷிகெமாட்சுவும் இரண்டு நண்பர்களும் குளத்தங்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பார்களே, கதிர்வீச்சு நோயால் அவர்களால் கடுமையான வேலை செய்ய முடியாது. வெளியே பார்த்தால் ஆள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அதனால் சோம்பேறிகள் என்று பேச்சு வாங்குகிறார்கள். அந்த நண்பர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். கேமரா அலறுவதில்லை. இமாமுரா ஆரம்பத்தில், குடும்பக் கதைகளை அமைதியாகச் சொன்ன ஜப்பானிய இயக்குநர் ஓசுவிடம் உதவி இயக்குநராக இருந்தவர். அந்தப் பாணி பிடிக்காமல் விலகி, வேறு மாதிரிப் படங்களாக எடுத்துத் தள்ளினார். இந்தப் படத்தில் மட்டும், அறையும் தாழ்வாரமும் தேநீருமாக, பழைய ஆசிரியரின் வீட்டுக்கே திரும்பி வந்த மாதிரி எனக்குப் படுகிறது.

யூயிச்சியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. போரிலிருந்து திரும்பிய பையன். கல்லில் சிலை செதுக்குகிறான். எஞ்சின் சத்தம் கேட்டால் போதும், எதிரி டாங்கி வந்துவிட்டது என்று ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் விழுகிறான். ஊர் சிரிக்கிறது. யாசுகோ மட்டும் அவனிடம்தான் எல்லாவற்றையும் மனம்விட்டுப் பேசுகிறாள். அவனுடைய அம்மா சம்பந்தம் பேச வரும்போது, அந்தஸ்து பார்த்து மாமா நெளிகிறாரே, அதை மிக நேர்மையான காட்சி என்பேன். இத்தனைக்குப் பிறகும் மனுஷனுக்கு அந்தஸ்து தெரிகிறது! யாசுகோவாக நடித்த யோஷிகோ தனகா முன்பு ‘கேண்டீஸ்’ என்ற பாப் குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். யாசுகோவுக்கும் நோய் வந்து, ஜப்பான் முழுக்கத் தெரிந்த அந்தச் சிரித்த முகத்துக்கு முன்னால் தலைமுடி கொத்தாக உதிரும்போது, அங்கே பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். அவளை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றுகிறார்கள். யூயிச்சியும் கூடவே ஏறிக்கொள்கிறான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, அவன் ஓடவில்லை. மாமா மலைப்பக்கம் பார்த்து, வண்ண வானவில் தோன்றினால் இவள் பிழைத்துவிடுவாள் என்று நினைத்துக்கொள்கிறார். படமோ கறுப்பு வெள்ளை. யாசுகோவின் பிற்கால வாழ்வைக் காட்டும் வண்ணக் காட்சி ஒன்றையும் இமாமுரா எடுத்திருந்தார், பிறகு படத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டார். நல்ல காரியம் செய்தார். மாமா பார்த்துக்கொண்டே நிற்கிறார், மலை அப்படியே இருக்கிறது.