தறிக்குழியில் தேங்கிய தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம்.

புயல் மழைக்குப் பிறகு ஒரு ஊர் எப்படி மீண்டு எழுகிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் வேலூர் மாவட்டத்துக் குடியாத்தத்தை வைத்துப் பேசுகிறேன். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். வெள்ளம் என்றால் எனக்கு முதலில் தறிதான் நினைவுக்கு வரும்.

2021 நவம்பர் மழையை வேலூர் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. மோர்தானா அணை நிரம்பி வழிந்து, வருஷத்தில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் கவுண்டன்யா மகாநதி குடியாத்தத்தின் கரையோரத் தெருக்களுக்குள் வந்தது. விரிஞ்சிபுரத்தில் பாலாற்றுத் தரைப்பாலம் சேதமானது. 19ஆம் தேதி அதிகாலையில் தாழ்வு மண்டலம் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவே கரையைக் கடந்தது. அன்றைக்குத்தான் பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்து, 4 குழந்தைகள் உட்பட 9 பேர் போய்ச் சேர்ந்தார்கள். ஊறிப்போன சுவர் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. தண்ணீர் வடிந்துவிட்டதே என்று அவசரப்பட்டு உள்ளே போய்ப் படுக்காதீர்கள்.

சரி, உயிர் தப்பியாயிற்று. பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள், சோறு போட்டார்கள், அரிசியும் போர்வையும் கொடுத்தார்கள். கொடுத்தவர்களை நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் வீட்டுக்குத் திரும்புகிற குடும்பத்துக்கு அடுத்த வாரக் கூலி எங்கிருந்து வரும்?

குடியாத்தத்தில் கைத்தறி, விசைத்தறி, தீப்பெட்டி, பீடி என்று எல்லாம் உண்டு. இதில் பல வீடுகளில் குடியிருக்கும் இடம்தான் வேலை செய்யும் இடமும். வெள்ளம் நுழையாத வீட்டிலும் மழை நாளில் வேலை படுத்துவிடும். தீக்குச்சி காய வெயில் வேண்டும். ஈரத்தில் பீடி இலை பூஞ்சை பிடிக்கும். தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூலைப் பாவு என்போம்; தெருவில் நீட்டிக் கஞ்சி போடுகிற அந்தப் பாவு நூலை மழையில் விரிக்கவே முடியாது.

வெள்ளம் நுழைந்துவிட்டால் குழித்தறியின் கதி இன்னும் மோசம். நெசவாளி காலை இறக்கி மிதிகட்டையை மிதிக்கிற பள்ளம் வீட்டுத் தரைக்கும் கீழே இருக்கிறது. தெருவில் தண்ணீர் வடிந்த பிறகும் குழியில் நிற்கும். மொண்டு ஊற்றினால் அடியில் சேறு. சேற்றை அள்ளினால் பக்கச் சுவர் சரியும். குழி காயாமல் தறியில் உட்கார முடியாது. அதற்குள் மரம் ஊறி முறுக்கிக்கொள்ளும், குறுக்கு நூலை அடித்து நெருக்கும் சீப்பு போன்ற பண்ணையில் துரு ஏறும், பாவு நூலைத் தூக்கி இறக்கும் விழுது கெட்டுப்போகும்.

தறியில் பாதி நெய்தபடி நிற்கிற பாவுக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. கஞ்சி கரைந்து, சாயம் இறங்கி, சேற்றுக்கறை படிந்த அந்த நூல் நெசவாளியுடையது அல்ல. சங்கமோ முதலாளியோ கொடுத்தது. கெட்டுப்போன நூலுக்கு யார் பொறுப்பு? பெரும்பாலும் அது நெசவாளியின் கணக்கில் கடனாக ஏறுகிறது. இது நியாயமே இல்லை. கூலி போன வீட்டின் மேல் கடனையும் ஏற்றினால் அந்தக் குடும்பம் எப்படித் தலை தூக்கும்?

இதற்கு அரசு விதியில் கொஞ்சம் இடம் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் 2022 முதல் 2026 வரைக்கான விதிகளின்படி, கைத்தறி, கைவினைத் தொழிலாளிக்குச் சேதமான கருவிக்கு 5,000 ரூபாய், வீணான மூலப்பொருளுக்கு இன்னொரு 5,000 ரூபாய் வரை உதவி உண்டு. அதற்கு முன்பு இவை தலா 4,100 ரூபாயாக இருந்தன. ஒரு தறியைப் புதிதாக நிறுத்த இது காணாது. ஆனாலும் விட்டுவிடக் கூடாது. சேதத்தை அதிகாரி சான்று செய்தால்தான் பணம். கணக்கெடுக்க வருகிறவர்கள் கூரையையும் சுவரையும் பார்த்துவிட்டுப் போகலாம். நாம்தான் தறிக்குழியைக் காட்டிக் கேட்டு எழுதவைக்க வேண்டும். சேற்றை அள்ளுவதற்கு முன்பே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த நூலைத் தூக்கி எறியாமல் அப்படியே காட்டுங்கள்.

ஆற்றங்கரையில் குடியிருந்தவர்களை அப்புறப்படுத்துவது பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆற்றுக்கு வழி விடத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மாற்று வீடு என்று மூன்றாம் மாடியில் ஒரு அறையைக் கொடுத்தால் குழித்தறியை எங்கே தோண்டுவது? நெசவாளிக் குடும்பத்துக்குத் தரைத்தளம் கொடுங்கள். முடியாவிட்டால் பக்கத்திலேயே மேடான இடத்தில் பொதுத் தறிக்கூடம் கட்டிக் கொடுங்கள்.

சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே எந்த உறுப்பினர் வீட்டில் எத்தனை தறி, யாரிடம் எவ்வளவு நூல் என்று பட்டியல் எடுத்து, ஒரு பிரதியைத் தாலுகா அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள். எச்சரிக்கை வந்ததும் கரையோர வீடுகளிலிருந்து நூலை வாங்கிச் சங்கக் கட்டடத்தின் மாடியில் ஏற்றிவிடலாம். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. குறித்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.