67-க்கு ஒன்று குறைவு

நேயர்களுக்கு வணக்கம். கனடாவில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டுக் கோயம்புத்தூருக்கே திரும்பி வந்தவன் நான். அங்கே போக வழி கேட்டுத் தினம் யாராவது வீட்டுக்கு வருகிறார்கள். அதில் கடைசியாக வந்தவன் என் அக்கா மகன்.

"மாமா, பி.இ. முடிச்சிருக்கேன், அஞ்சு வருஷ அனுபவம், வயசு முப்பத்தொண்ணு. போதும்தானே?" என்றான். வா, கணக்குப் போடலாம் என்றேன்.

படித்து வேலை பார்த்தவர்கள் கனடாவில் குடியேறுவதற்கான திறன்மிகு தொழிலாளர் திட்டத்தில் நுழைய 100-க்கு 67 வேண்டும். அவன் வயதுக்கு 12, முழு மதிப்பெண். 35 தாண்டினால் வருடத்துக்கு ஒன்று குறையும். பட்டத்துக்கு 21, ஐந்து வருட அனுபவத்துக்கு 13. ஆக 46. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வின் பொதுப் பிரிவில் எழுத்து, வாசிப்பு, பேச்சு மூன்றிலும் 6.5, கேட்டலில் 7.5 வாங்கியிருந்தான். ஒவ்வொன்றுக்கும் 5 வீதம் 20. மொத்தம் 66!

பையன் முகம் வாடிவிட்டது. நான் மட்டும் அங்கேயே இருந்திருந்தால், தாய்மாமன் கனடாவில் இருக்கிறார் என்று 5 மதிப்பெண் கிடைத்திருக்கும். திரும்பி வந்ததில் எனக்கு முதல்முறையாக வருத்தம் வந்தது அன்றுதான்.

எழுத்தில் 6.5-ஐ 7 ஆக்கினாலே 67 வந்துவிடும். ஆனால் அது வாசற்படி மட்டுமே. உள்ளே, 2015-இல் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற தேர்வு முறையில், 1200-க்கு இன்னொரு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். மேலே இருப்பவர்களுக்குத்தான் விண்ணப்பிக்க அழைப்பு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து, "எழுபது இருக்கு, ஏன் கூப்பிடலை?" என்று கேட்பவர்கள் ஏராளம்.

அந்தப் பட்டியலிலும் ஆங்கிலம்தான் ஆளைத் தூக்குகிறது. எழுத்து, வாசிப்பு, பேச்சில் 7, கேட்டலில் 8 என்று எட்டிவிட்டால், மணமாகாத என் மருமகன் போன்றவருக்கு மொழிக்கு மட்டும் 32 கூடும். அதோடு படிப்பும் அனுபவமும் மொழியோடு சேர்ந்து தரும் மதிப்பெண்ணில் இன்னொரு 37. மொத்தம் 69! அரை மதிப்பெண் வித்தியாசம் செய்யும் வேலை இது. ஏஜென்ட்டுக்குக் கொடுக்கிற பணத்தில் பாதியை எழுத்துப் பயிற்சிக்குச் செலவிடுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். முன்பு அங்கே ஒரு வேலை உறுதியானால் குறைந்தது 50 மதிப்பெண் கூடிவந்தது. 2025 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். இன்னும் அதைக் காட்டிப் பணம் கேட்பவரிடம் ஜாக்கிரதை.

அங்கே போய்ச் சமாளிக்கக் காட்ட வேண்டிய கையிருப்புப் பணத்துக்கு, வங்கிக் கணக்கின் ஆறு மாத சராசரி கேட்பார்கள், முந்தின நாள் கைமாற்று வாங்கிப் போட்டால் நிற்காது.

அழைப்பு வந்தால், எல்லா ஆவணங்களோடும் விண்ணப்பிக்க 60 நாள்தான். நான் விண்ணப்பித்தபோது என்னைத் திணறடித்தது அனுபவக் கடிதம். பழைய கம்பெனி, 'இவர் இங்கே பணிபுரிந்தார், நல்லவர்' என்று இரண்டு வரி கொடுத்தது. என்ன வேலை செய்தேன், வாரம் எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு, எதுவும் இல்லை. என் மேலாளர் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் தங்கை கல்யாணத்துக்கே போய், மண்டபத்தில் வைத்து ஒரு கடிதம் எழுதி வாங்கினேன்.

மருமகன் இப்போது பழைய கம்பெனிக்கு அலைந்துகொண்டிருக்கிறான். ஐ.இ.எல்.டி.எஸ். மறுபடியும் அடுத்த மாதம்.