ஒழுங்கைத் தெருவிளக்கும் பெரிய கதிரையும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, திருவிழா முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் இந்த வெளிவீதி மணலில் இருந்து எங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஊர்மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பிந்தி வந்தவர்களுக்காகத் தலைப்பை இன்னொருமுறை சொல்லிவிடுகிறேன். நகரசபையில் தொடங்கி ஆட்சிப் பீடம் வரை போன ஒருவருக்குப் பெருமை தருவது அவர் ஊரில் செய்த பணியா, மேலே போய்ப் பெற்ற பதவியா? ஊரில் செய்த பணிதான் என்று சொல்ல வந்த அணி எங்களுடையது.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் இரண்டு பேரைக் கொண்டுவந்து இந்த மேடையில் நிறுத்தினார். ஒருவர் ராஜாஜி. சேலம் நகரசபைத் தலைவராக இருந்து சென்னை மாகாணத்தின் பிரதமரானவர். அப்போது முதலமைச்சரை அப்படித்தான் அழைத்தார்கள். மற்றவர் கல்வின் கூலிட்ஜ். அமெரிக்காவில் நோர்தாம்ப்டன் என்ற சின்ன நகரத்துக்கு மேயராக இருந்து, மசாசுசெட்ஸ் மாநில ஆளுநராகி, கடைசியில் ஜனாதிபதியும் ஆனவர். "இவர்கள் அந்த ஊரோடு நின்றிருந்தால் யாழ்ப்பாணத்தில் இருக்கிற உங்களுக்கு இவர்கள் பெயர் தெரிந்திருக்குமா?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் தலைப்பு கேட்பது பெயர் எத்தனை நாட்டுக்குத் தெரியும் என்பதை அல்ல. அந்த மனிதருக்குப் பெருமை எதனால் வந்தது என்பதை.

ராஜாஜியை எடுப்போம். ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர். 1900இல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1911இல் நகரசபை உறுப்பினர், 1917இல் தலைவர். இரண்டு வருடம் அந்தக் கதிரை. பிறகு சென்னை, காந்தி, சிறை. இதெல்லாம் எதிரணித் தலைவர் சொன்னார். அவர் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. 1925இல் ராஜாஜி திரும்பவும் அந்தப் பக்கமே வந்தார். திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்துக் குடியிருந்தார். கதரும் மதுவிலக்கும்தான் அங்கே வேலை. அந்த நாளில் திருச்செங்கோடு சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது.

1937 யூலையில் அவர் பிரதமராகிறார். அன்றைய சென்னை மாகாணம் என்றால் இன்றைய தமிழ்நாடு மட்டும் இல்லை. ஆந்திரக் கரையோரம், மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்தது. அவ்வளவு பெரிய நிலத்தில் மதுவிலக்கை முதலில் எங்கே கொண்டுவந்தார்? 1937 ஒக்டோபர் 1, சேலம் மாவட்டத்தில். எந்தத் தெருவில் கூலிக்காசு வீட்டுக்கு வராமல் கள்ளுக்கடையோடு நிற்கிறது என்று அவர் கண்ணால் கண்ட மண் அது. மதுவிலக்குச் சட்டத்தைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் பிரதமர் அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டபோது அவரோடு சேலம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

சரி, இப்போது 1952க்கு வருவோம். அதே ராஜாஜி திரும்பவும் முதலமைச்சர். இடையில் கவர்னர் ஜெனரலாகவும் இருந்துவிட்டார். அன்றைய இந்தியாவில் அதைவிட உயர்ந்த பதவி கிடையாது. இந்தமுறை அவர் சட்டசபைத் தேர்தலில் நிற்கவில்லை. மேலவைக்கு நியமன உறுப்பினராக வந்து, அந்த வழியால் முதலமைச்சரானார். அடுத்த வருடம் ஒரு கல்வித் திட்டம் வந்தது. கிராமத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடம் போகவேண்டும், மீதி நேரம் வீட்டில் தாய் தகப்பன் செய்கிற தொழிலைப் பழகவேண்டும். குலக்கல்வி என்று தமிழ்நாடு கொதித்தெழுந்தது. 1954இல் ராஜாஜி பதவியை விட்டுப் போனார். பின்னால் வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார்.

ஆள் ஒருவர்தான். அறிவும் அதே அறிவுதான். நகரசபைத் தலைவராக இருந்து இப்படி ஒரு தீர்மானம் எடுத்திருந்தால், மறுநாள் விடியவே தாய்மார் அவர் வீட்டு வாசலில் நின்றிருப்பார்கள். சலவைத் தொழிலாளியின் பிள்ளை காலம் முழுக்கத் துணிதான் வெளுக்கவேண்டுமா என்று முகத்துக்கு நேரே கேட்டிருப்பார்கள். கோட்டையில் இருப்பவரை அப்படிக் கேட்கப் போனால் வாசற்காவலரே வழிமறித்துவிடுவார். எதிரணித் தலைவர் பெருமை பெருமை என்று சொன்ன அந்த உயரத்தில் நடந்தது இது.

சேலத்தை விட்டு எங்கள் ஊருக்கு வருகிறேன்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்தால் நாங்கள் முதலில் எங்கே கூட்டிக்கொண்டு போகிறோம்? நல்லூர் போனபிறகு, நூலகம். வெள்ளைக் கட்டடம், முன்னுக்கு வீணையோடு சரஸ்வதி. 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கியது அது. 1949இல் யாழ்ப்பாணம் மாநகரசபையானது. முதல் மேயர் சாம் சபாபதி. பெரிய கட்டடம் வேண்டும் என்று அவர் முன்னின்று உழைத்தார். அரசாங்கம் தரும்வரை இருந்துகொண்டிருக்கவில்லை. களியாட்ட விழா வைத்தார்கள், அதிட்டலாபச் சீட்டு விற்றார்கள், ஊர்க்காசைச் சேர்த்தார்கள். கட்டட வரைபடத்துக்குச் சென்னையிலிருந்து நரசிம்மனை அழைத்தார்கள். நூலகத்தை எப்படி அமைப்பது என்று இந்திய நூலகவியலின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதனிடமே ஆலோசனை கேட்டார்கள். யோசித்துப் பாருங்கள், ஒரு சின்ன ஊர்ச் சபை, துறையில் முதல் ஆளாக இருந்தவரின் கதவைப் போய்த் தட்டியிருக்கிறது! 1959 ஒக்டோபர் 11இல் திறந்தபோது மேயராக இருந்தவர் அல்பிரட் துரையப்பா.

1981 யூன் முதலாம் திகதி விடிந்தபோது 97,000 நூல்கள் சாம்பல். அந்தக் கதையை இந்த மணலில் இருக்கிற வயதானவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். எரிந்தது சும்மா ஒரு கட்டடம் என்றால் இத்தனை வருடம் கழித்தும் ஏன் நெஞ்சு எரிகிறது? அதில் எங்கள் அப்பு ஆச்சி வாங்கிய சீட்டுக் காசு இருந்தது. அதைச் சேர்க்கவைத்தது ஒரு மாநகரசபை.

துரையப்பாவின் கதையும் இந்தத் தலைப்புக்குள்தான் நிற்கிறது. மேயராக இருந்தவர், 1960இல் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலத்தையே தோற்கடித்துப் பாராளுமன்றம் போனார். 1965 வரை எம்.பி. அந்த ஐந்து வருடத்தில் அவர் கொழும்பில் பேசியதில் ஒரு வசனம் சொல்லுங்கள் பார்ப்போம். இந்தக் கூட்டத்தில் யாருக்கும் வராது. துரையப்பா விளையாட்டரங்கு எங்கே என்று கேளுங்கள், ஆட்டோக்காரர் வழி விசாரிக்காமல் கொண்டுபோய் இறக்குவார்.

அவருடைய அரசியலில் எனக்கு ஒவ்வாத இடங்கள் நிறைய. 1974 தமிழாராய்ச்சி மாநாட்டில் பொலிஸ் புகுந்து மக்கள் உயிர் போனதை இந்த ஊர் மறக்கவில்லை. நானும் மறைக்க வரவில்லை. ஆனால் கவனியுங்கள். அந்தக் கோபம்கூட, அப்போது திரும்பவும் மேயராக இருந்த துரையப்பா மேல் எழுந்த கோபம். ஊரின் கதிரையில் இருந்தவர் ஊரோடு நிற்கவில்லை என்ற கோபம். எம்.பி.யாக இருந்த காலத்தைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ இன்றைக்கு யாரும் கதைப்பதில்லை.

அந்தக் கதிரை சின்னது என்றார் எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தங்கை. தங்கை, அந்தக் கதிரை என்ன விலை கேட்டது என்று சொல்லவா? 1975 யூலை 27, பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலில் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். 1998 மே 17, சரோஜினி யோகேஸ்வரன். யாழ்ப்பாணத்து எம்.பி.யாக இருந்த கணவரை 1989இல் துப்பாக்கிக்குப் பலிகொடுத்த பெண். அதற்குப் பிறகும் இந்த ஊரின் மேயராக வந்தார். சில மாதங்களில் அவரையும் சுட்டார்கள். அவருக்குப் பின் வந்தவர் பொன். சிவபாலன். அதே வருடம் செப்டெம்பர் 11, குண்டுவெடிப்பில் போனார். பதவியில் இருக்கும்போதே மூன்று மேயர்கள். சரோஜினி அம்மா இறந்த கதிரையில் போய் இருக்கும்போது சிவபாலன் என்ன நினைத்திருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பதவி ஆசை என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் வீட்டில் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒரு தெருவிளக்கு. ஒன்றரை வருடம் எரியவில்லை. என் தங்கச்சி ரியூசன் முடிந்து இரவு ஏழு மணிக்குச் சைக்கிளில் வருவாள். அம்மா ரோச் லைற்றோடு படலையில் நிற்பார். மேலே இருக்கிற ஓர் அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினோம். ஒன்றுக்கும் பதில் இல்லை. பிறகு வட்டாரத்துச் சபை உறுப்பினரிடம் அம்மா சந்தையில் வைத்துச் சொன்னார். அன்று பின்னேரம் இருட்டினபிறகு அவர் வந்தார். பகலில் வந்தால் எவ்வளவு இருட்டு என்று தெரியாதாம். கம்பத்தின் இலக்கத்தைக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்து, சட்டைப் பையில் இருந்த கடைப் பில் ஒன்றின் பின்பக்கம் எழுதினார். மூன்றாம் நாள் ஏணியோடு ஆட்கள் வந்தார்கள். பத்து நிமிட வேலை. அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். விளக்கு எரிந்ததும் எங்கள் ஒழுங்கையில் கிடந்த மதகுக் கல் எல்லாம் தெரிந்தது. அம்மா அன்றைக்கு ரோச் லைற்றைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்தார்.

அந்த உறுப்பினர் நாளைக்கு அமைச்சரே ஆனாலும், எங்கள் வீட்டில் அவர் விளக்குப் போட்டுத் தந்தவர்தான்.

மேற்பதவி வந்தால் இதைவிடப் பெரிதாகச் செய்யலாமே என்று நடுவர் நினைக்கக்கூடும். செய்யலாம், அதிகாரமும் காசும் கூடவே வந்தால். எங்கள் அனுபவம் என்ன? 2013 செப்டெம்பர் 21, வடமாகாணசபைத் தேர்தல். 38 ஆசனத்தில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்தோம். உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்த விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். எவ்வளவு நம்பிக்கையோடு வரிசையில் நின்றோம்! அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் மாகாணசபைக்கென்று எழுதியிருக்கிற காணி, பொலிஸ் அதிகாரங்கள் கைக்கு வரவில்லை. 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கதிரைகளில் யாரும் இல்லை, தேர்தலே வைக்கவில்லை. ஆளுநர் நடத்துகிறார்.

அதே 2018இல் ஒன்று நடந்தது. மாகாணசபையில் இருந்த இம்மானுவேல் ஆர்னோல்ட் மாநகரசபைத் தேர்தலுக்கு வந்து மேயரானார். எதிரணி கணக்கின்படி அவர் மேலிருந்து கீழே இறங்கியிருக்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை. எங்கள் ஊரில் மேல் எது கீழ் எது என்பதை அதைச் செய்தவரிடம்தான் கேட்கவேண்டும். அவருக்குப் பிறகு வந்த மணிவண்ணன் காலத்தில் ஆரியகுளத்தைத் துப்புரவாக்கினார்கள். பின்னேரத்தில் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து கரையில் இருக்கிறவர்களை.

மணி அடித்துவிட்டார்கள். கூலிட்ஜை விட்டுவிட்டுப் போனால் எதிரணித் தலைவர் பதில் இல்லை என்று சொல்வார். அவரைச் சொல்லி முடிக்கிறேன். 1910, 1911, இரண்டு வருடம் நோர்தாம்ப்டனுக்கு மேயர். நகரத்தின் கடனைக் குறைத்தார், வரியைக் குறைத்தார், ஆசிரியர்களின் சம்பளத்தைக் கூட்டினார். 1919இல் ஆளுநர், 1923இல் ஜனாதிபதி. 1929இல் வெள்ளை மாளிகையை விட்டு வெளியே வந்தபோது அவர் எங்கே போனார் தெரியுமா? வாஷிங்டனில் மாளிகை எடுக்கவில்லை. நோர்தாம்ப்டனுக்கே திரும்பினார். மாசசாய்ட் தெருவில் ஒரு இரட்டை வீட்டின் ஒரு பாதி. மேயராவதற்கு முன்பிருந்தே வாடகைக்கு இருந்த அதே வீடு. உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த மனிதர், தன்னை முதலில் தெரிந்துகொண்ட தெருவில் வந்து கதிரையைப் போட்டு இருந்தார். வேடிக்கை பார்க்க வருகிறவர்களின் தொல்லை தாங்காமல்தான் அடுத்த வருடம் வேறு வீட்டுக்கு மாறினார். அதுவும் அதே ஊருக்குள். 1933இல் உயிர் பிரிந்ததும் அங்கேதான்.

நன்றி, வணக்கம்.