தனியா போறதுக்கு சரியான வயசு எது? ஒரு தம்பியோட கேள்விக்கு பதில்

சரி, அடுத்த கேள்வி. ஒரு தம்பி கேட்டிருக்காரு, "எனக்கு 24 வயசு, வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகுது, தனியா போய் இருக்கணும்னு தோணுது, ஆனா பேச்சை எடுத்தாலே அம்மா அழுவுறாங்க, எந்த வயசுல போனா சரியா இருக்கும்?"னு.

தம்பி, முதல்ல இந்த வயசுங்கிறத விட்டுடுங்க. ஐரோப்பாவுல இதை நாடு நாடா கணக்கெடுத்து வச்சிருக்காங்க. 2022ல பின்லாந்துல பிள்ளைங்க வீட்டை விட்டு வெளிய போற சராசரி வயசு 21 சொச்சம், குரோஷியாவுல 33 சொச்சம். கிட்டத்தட்ட 12 வருஷம் வித்தியாசம். அதுக்காக ஒரு ஊர் பிள்ளைங்க கெட்டிக்காரங்க, இன்னொரு ஊர் பிள்ளைங்க சோம்பேறின்னு ஆயிடுமா, வாடகை எவ்வளவு, நிலையான வேலை எப்ப கிடைக்குது, அங்க உள்ள பழக்கம் என்ன, எல்லாம் சேர்ந்துதான் அந்த வயசு.

நான் உங்ககிட்ட கேக்குறது ஒண்ணுதான், கோவத்துல கிளம்புறீங்களா, கணக்கு போட்டு கிளம்புறீங்களா? நான் 22 வயசுல வீட்டுல சண்டை போட்டுட்டு ஒரே ஒரு பேக்கோட கிளம்பினவன். முதல் மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. மூணாவது மாசம் காய்ச்சல் வந்துச்சு பாருங்க, ராத்திரி ரெண்டு மணி, நாக்கு வறண்டு கிடக்கு, எழுந்து தண்ணி எடுக்க தெம்பு இல்ல, கையில போன் இருக்கு, அம்மா நம்பரும் எடுத்து வச்சிருக்கேன், ஆனா கூப்பிட முடியல, ஏன்னா கதவை அறைஞ்சு சாத்திட்டுல்ல வந்திருக்கேன். காய்ச்சல் நாலு நாள்ல போயிடுச்சு, அந்த ராத்திரி இன்னும் போகல எனக்கு.

அதனால சொல்றேன், வீட்டுல இருந்துக்கிட்டே ஒரு மூணு மாசம் ஒத்திகை பாருங்க. நீங்க போகப்போற இடத்துல வாடகை, கரன்ட், நெட் எல்லாம் எவ்வளவு ஆகும்னு விசாரிச்சு, சம்பளம் வந்த அன்னிக்கே அந்தத் தொகையை வேற அக்கவுன்ட்டுக்கு மாத்திட்டு தொடாதீங்க. உங்க துணிய நீங்களே துவைங்க, சாப்பாட்டு செலவும் உங்க கையில இருந்து. 20ஆம் தேதிக்கே கை காலியாச்சுன்னா இன்னும் நேரம் வரலைன்னு அர்த்தம். தாக்குப் பிடிச்சீங்கன்னா அட்வான்ஸுக்கு ஒரு தொகையும் சேர்ந்திருக்கும். வாடகை சம்பளத்துல பத்துல மூணு பங்கைத் தாண்டாம பாத்துக்குங்க, வேலை போனாலும் மூணு மாசம் ஓட்டுற அளவுக்கு தனியா பணம் இருக்கட்டும். அப்புறம் பக்கெட், மெத்தை, பல்புன்னு முதல் வாரம் கரையுற காசு இருக்கே, அதை யாரும் கணக்குல சேர்க்க மாட்டாங்க. சாவி வாங்குன அன்னிக்கே சுவர், குழாய், கதவு எல்லாத்தையும் வீடியோ எடுத்து வச்சுக்குங்க, காலி பண்றப்ப அட்வான்ஸ்ல பிடிக்காம இருக்க அது உதவும்.

அம்மா விஷயம். "நான் போகட்டுமா"ன்னு கேட்டா அழத்தான் செய்வாங்க, நீங்க வேணாம்னு உதறிட்டுப் போறதா அவங்களுக்குப் படுது. உட்கார வச்சு, எந்தத் தேதி, எந்த இடம், வீட்டுக்கு மாசம் எவ்வளவு குடுப்பேன், எந்தெந்த நாள் வருவேன்னு சொல்லுங்க. வீடு பாக்கப் போறப்ப அவங்களையும் கூட்டிட்டுப் போங்க, குழாயைத் திறந்து தண்ணி வருதான்னு முதல்ல பாக்குறது அவங்களாத்தான் இருக்கும்.

ஒண்ணு மட்டும், வீட்டுல அடி, மிரட்டல், சம்பளத்தைப் பிடுங்கி வச்சுக்குறதுன்னு இருந்தா இந்த மூணு மாசக் கதையெல்லாம் உங்களுக்கு இல்ல. சர்டிபிகேட், அடையாள அட்டை, பேங்க் பேப்பரை முதல்ல பத்திரமா வெளிய எடுங்க, நம்பகமான ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு கிளம்புங்க.

தம்பி, நீங்க அடுத்த சம்பளத்துல இருந்து ஆரம்பிங்க, மூணு மாசம் கழிச்சு எனக்கு எழுதுங்க, அம்மா என்ன சொன்னாங்கன்னும் சேர்த்து எழுதுங்க.