எகிப்துக்குப் போகும் வழியில் கேட்ட கேள்வி

(கேரள எல்லையில் பாறசாலைப் பகுதித் தமிழ்ச் சபையொன்றின் கமிட்டி உறுப்பினர்களுக்கான உபவாசக் கூடுகையில் ஆற்றிய உரை)

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, பொறுப்பிலுள்ளவர்கள் தீர்மானமெடுக்கும்போது தேவசித்தத்தை அறிவது எப்படி என்று பேசச் சொன்னீர்கள். நம் கமிட்டிகள் ஜெபத்தோடு தொடங்கி ஜெபத்தோடு முடிகின்றன; அதில் ஒரு குறையுமில்லை. ஆனால் முந்தின இரவே யார் எந்தப் பக்கம் என்று தொலைபேசியில் கணக்குப் பார்த்துவிட்டு வந்து, 'உமது சித்தம் ஆகட்டும்' என்று தொடங்கினால், அந்த ஜெபம் ஆண்டவரிடம் எதையும் கேட்பதில்லை. முடிந்துபோன காரியத்துக்குக் கையெழுத்துதான் கேட்கிறது.

எரேமியாவின் புத்தகத்தில் 41 முதல் 43 வரையுள்ள அதிகாரங்களை வாசித்துப் பாருங்கள். பாபிலோன் ராஜா ஏற்படுத்திய அதிகாரியாகிய கெதலியா கொல்லப்பட்டபின், மீந்திருந்த யூதர்கள் கல்தேயருக்குப் பயந்து தீர்க்கதரிசியிடம் வருகிறார்கள். நன்மையானாலும் தீமையானாலும் கர்த்தர் சொல்வதைக் கேட்போம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்போது அவர்கள் எங்கே தங்கியிருந்தார்கள்? பெத்லகேமுக்கு அருகே, எகிப்துக்குப் போகிற வழியில்! மூட்டை கட்டிப் பாதி வழி வந்தபின் கேட்ட கேள்வி அது. எரேமியாவோ தனக்குத் தோன்றியதை உடனே சொல்லிவிடாமல் பத்து நாள் காத்திருந்து, 'தேசத்திலேயே தங்கியிருங்கள்' என்ற வார்த்தையைக் கொண்டுவருகிறார். அதைப் பொய் என்று தள்ளிவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கே போனார்கள். தீர்க்கதரிசி கூடவே இருந்ததனால் அந்தப் பயணம் கர்த்தருடைய சித்தமாகிவிடவில்லை.

காத்திருப்பதென்றால் சொப்பனத்துக்காகவோ, வேதத்தைக் கண்மூடித் திறந்து விரல் வைக்கும் வசனத்துக்காகவோ சும்மா இருப்பதல்ல. பின்னதை நம் வீடுகளில் பலர் இன்னமும் செய்கிறார்கள். சபைக் காரியத்துக்கு அது உதவாது என்பதே என் எண்ணம். தூரதேசத்தாரைப்போல நடித்து வந்த கிபியோனியரின் பழைய அப்பத்தையும் கிழிந்த துருத்தியையும் பார்த்து ஏமாந்த இஸ்ரவேலர், விசாரித்தது தவறல்ல. விசாரித்ததோடு நின்று, கர்த்தரிடம் கேளாமல் உடன்படிக்கை பண்ணியதுதான் தவறு.

இங்கே உங்கள் முன்னிருக்கும் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது இந்தப் பக்கம் நின்ற குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று மலையாளப் பள்ளிகளில் படிக்கிறார்கள். பாட்டி தமிழ் வேதாகமத்தைத் திறக்கும் பெஞ்சிலேயே பேத்தி மலையாள வேதாகமத்தைத் திறக்கிறாள். மாதம் ஒரு ஞாயிறு மலையாள ஆராதனை வேண்டும் என்று ஒரு பக்கமும், வைத்தால் தமிழ் போய்விடும் என்று மறுபக்கமும் சொல்லுகிறீர்கள்.

ஆதி எருசலேம் சபையும் மொழியால் பிரிந்து நின்றதுண்டு. அன்றாட விசாரணையில், அதாவது அன்றாட உணவுப் பங்கீட்டில், தங்கள் விதவைகள் விடுபட்டதாகக் கிரேக்க மொழி பேசினவர்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர் அந்த முறையீட்டை அடக்கவில்லை. சபையாரைக் கூட்டி, ஆவியும் ஞானமும் நிறைந்த ஏழுபேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி, ஜெபித்துக் கைவைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்ற ஏழும் கிரேக்கப் பெயர்கள். அன்றைய யூதர் சிலருக்கும் அத்தகைய பெயர்கள் இருந்ததுண்டு. ஆயினும் குறைசொன்ன பக்கத்தாரிடமே பொறுப்பு போனது என்றுதான் நான் வாசிக்கிறேன். ஆவியானவரின் நடத்துதல் அங்கே தரிசனமாக வரவில்லை. இழப்பவர் யார் என்று கவனித்துக் கேட்ட ஒரு கூட்டத்தின் வழியாக வந்தது.

ஆகவே அடுத்த கூட்டத்தில் ஓட்டெடுக்க வேண்டாம். வாலிபர்களும் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த முதியோரும் பேசட்டும், நீங்கள் குறுக்கிடாமல் கேளுங்கள். ஜெபத்தை அதன்பின் வையுங்கள். ஓட்டு இன்னொரு நாளுக்கு இருக்கட்டும். இடைப்பட்ட இரவுகளில் ஒருவரும் தொலைபேசியில் தன் பக்கத்துக்கு ஆள் சேர்க்க வேண்டாம்.