ரங்கநாதன் தெருவில் ஒரு முக்காலி

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் ஐயா அவர்களே, வணிகப் பெருமக்களே, தாய்மார்களே, வணக்கம். எனக்குப் போர்த்திய பொன்னாடையும் அந்தத் தெருவில் வாங்கியதுதானாம். செயலாளர் காதோடு சொன்னார். நன்றி.

ரங்கநாதன் தெருவைப் பற்றி மூன்று செய்திகள்: பிறந்த கதை, கட்டடங்கள், கூட்டம்.

மயிலாப்பூரின் நெடிய ஏரியைத் தூர்த்து 1920களில் எழுந்தது தியாகராய நகர். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர் அது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் உஸ்மான் சாலையையும் இணைக்கும் இந்தச் சின்னத் தெருவில் முன்பு வீடுகள்தான். ரயிலைவிட்டு இறங்கும் கூட்டத்தைப் பார்த்து வீடு கடையாயிற்று, கடை மாடி மாடியாக வளர்ந்தது. 2023இல் நடைமேம்பாலமும் வந்துவிட்டது. கூட்டம் குறைந்ததா? நீங்களே போய்ப் பாருங்கள்!

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார் என் பெரியம்மா. தஞ்சாவூர்க்காரர். பேத்தி கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அந்தத் தெருவுக்குப் போனோம். கடைப்பெண் நின்றபடியே காட்டினாள். "அந்த மாம்பழக் கலர் எடும்மா... இல்ல, பார்டர் சின்னது. அதுக்கு அடியில இருக்கிறது?" புடவை மலையாகக் குவிந்துவிட்டது. முட்டிவலி, பெரியம்மா ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். "நீயும் உக்காரு கண்ணு" என்றார் அந்தப் பெண்ணிடம். "உக்காந்தா சூப்பர்வைசர் திட்டுவாரு பாட்டி." பெரியம்மா குரலை உயர்த்தினார்: "யாருப்பா சூப்பர்வைசர்? இவ உக்காந்து காட்டினாத்தான் நான் புடவை வாங்குவேன்!" மாடியே திரும்பிப் பார்த்தது. ஓடி வந்த மனிதர் முக்காலியோடு வந்தார்! கடைசியில் பெரியம்மா எடுத்தது எது தெரியுமா? முதலில் காட்டிய அதே மாம்பழக் கலர்!

ஐயா, கடை ஊழியருக்கு இருக்கையைச் சலுகையாகக் கேட்கவில்லை. கேரளம் 2018இலேயே சட்டம் போட்டது. நம் தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22அ பிரிவைச் சேர்த்தார்கள். ஊழியருக்கு இருக்கை வைத்தே ஆக வேண்டும். எத்தனை மாடியில் இருக்கிறது? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்... முதலாளிமார் ஒரே ஒரு நாள், தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, கவுன்டருக்குப் பின்னால் நின்று பார்க்கட்டும்.

தலைவர் மணியடிக்கிறார். கட்டடங்களை இன்னொரு மேடையில் பேசுவோம். வாசலில் ஊழியருக்கு இருக்கை கேட்கும் கையெழுத்துத் தாள் இருக்கிறது. பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம், தயவுசெய்து பேனாவை விட்டுவிட்டுப் போங்கள்.